பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் எப்படிப் பேசுவது? தனியாகப் பயணம் கிளம்புகிறவர்களுக்கு

தனியாக ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் டிக்கெட், தங்குமிடம், மருந்து, சார்ஜர் என்று எல்லாவற்றையும் பட்டியல் போட்டுத் தயார் செய்துவிடுகிறார்கள். பேச்சுக்கு மட்டும் யாரும் தயாராவதில்லை. முதல் இரண்டு நாள் புது இடத்தின் பரபரப்பிலேயே ஓடிவிடும். அப்புறம் ஒரு சாயங்காலம், காலையிலிருந்து ‘எவ்வளவு’, ‘நன்றி’ என்பதைத் தவிர வாயைத் திறக்கவே இல்லை என்பது உறைக்கும். பலர் அந்த நேரத்தில்தான் ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று யோசிக்க ஆரம்பிக்கிறார்கள்.

முன்பின் தெரியாதவரிடம் பேசுவது பிறவியிலேயே சிலருக்கு வாய்க்கும் வரம் என்று நினைப்பவர்கள் அதிகம். நான் அப்படி நினைக்கவில்லை. நீச்சல் மாதிரி, முறை தெரிந்து பழகினால் கூச்ச சுபாவக்காரருக்கும் வரும். இந்தக் கட்டுரையில் பல படிகள் வந்தாலும், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு விதிதான் இருக்கிறது: எதிரில் இருப்பவர் எந்த நேரத்திலும் சங்கடம் இல்லாமல் விலகிக்கொள்ள வழி விட்டுப் பேசுங்கள், உங்களுக்கும் அப்படி ஒரு வழியை எப்போதும் கைவசம் வைத்திருங்கள். மரியாதையும் பாதுகாப்பும் இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

1. கிளம்புவதற்கு முன்பே பழகிக்கொள்ளுங்கள்

‘பேசப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களோ’ என்ற பயம்தான் பெரிய தடை. அந்தப் பயம் போடும் கணக்கு பெரும்பாலும் தப்பு. நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரண்டு உளவியலாளர்கள் சிகாகோவில் ரயிலிலும் பஸ்ஸிலும் போய்வருகிறவர்களை வைத்து நடத்திய சோதனைகளை 2014-ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் அன்றைய பயணத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டும். இன்னொரு பிரிவினர் யாரிடமும் பேசாமல் இருக்க வேண்டும். மூன்றாவது பிரிவினர் வழக்கம்போலப் போகலாம். பயணம் மற்றவர்களைவிட இனிமையாக இருந்தது என்று சொன்னவர்கள், பேசியவர்கள்தான். ஆனால் வேறு சிலரிடம் ‘இப்படிப் பேசச் சொன்னால் எப்படி இருக்கும்’ என்று முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னபோது, தனியாக இருப்பதே சுகம் என்று நேர்மாறாகச் சொன்னார்கள். பின்னால் லண்டன் பக்கத்து ரயில்களில் செய்துபார்த்தபோதும் ஏறக்குறைய இதே கதைதான்.

இன்னொரு ஆய்வும் எனக்கு மிகவும் பிடிக்கும். எரிக்கா பூத்பியும் அவருடைய குழுவினரும் 2018-ல் வெளியிட்டது. அப்போதுதான் சந்தித்துப் பேசி முடித்த இருவரைத் தனித்தனியே விசாரித்தார்கள். தன்னை எதிராளிக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதைப் பொதுவாக எல்லாரும் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். ஆகவே பேசி முடித்துத் திரும்பும்போது ‘ரொம்ப உளறிட்டோமோ’ என்று மனசு நச்சரித்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம்.

பயிற்சிக்குப் பயணம் வரை காத்திருக்கத் தேவையில்லை. கிளம்புவதற்கு முந்தைய வாரம் போதும். முதல் நாள், எதிரில் வருகிறவரைப் பார்த்துத் தலையசைப்பது. மறுநாள், நேரமோ வழியோ கேட்பது. அதற்கடுத்த நாள், வரிசையில் நிற்கும்போது முன்னால் இருப்பவரிடம் ஒரு வார்த்தை. பிறகு, பதில் சொன்னவரிடம் இன்னும் ஒரே ஒரு கேள்வி. அறிமுகமில்லாதவர்களைத் தேடிப்போய்ப் பேசும் ஒரு விளையாட்டை ஒரு வாரம் ஆடவைத்து ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம் குழுவினர் ஆராய்ந்தார்கள், 2022-ல் வெளியானது. ஆடியவர்களுக்கு நிராகரிப்பைப் பற்றிய பயம் குறைந்தது, தன் பேச்சின் மேல் நம்பிக்கை கூடியது. ஒரு தடவை பேசினால் வருவதல்ல இது, திரும்பத் திரும்பப் பேசினால் வருவது.

2. இடமும் நேரமும் பாதி வேலையைச் செய்துவிடும்

பேசுவதற்கு நல்ல இடம் எது? இருவரும் ஒரே விஷயத்துக்காகக் காத்திருக்கும் இடம். கூடவே, அந்தக் காத்திருப்புக்கு ஒரு முடிவும் இருக்க வேண்டும். டிக்கெட் வரிசை, வண்டி தாமதமான பிளாட்பாரம், படகுத்துறை, வழிகாட்டியோடு நடந்து பார்க்கும் குழு, பயணிகள் தங்கும் ஹாஸ்டலின் பொதுச் சமையலறை எல்லாம் இந்த வகை. வண்டி வந்தால் பேச்சு தானாக முடிந்துவிடும் என்று இருவருக்கும் தெரிந்திருப்பதால், யாரும் மாட்டிக்கொண்ட மாதிரி உணர மாட்டார்கள்.

மோசமான இடங்களும் உண்டு. ஆள் நடமாட்டம் இல்லாத தெரு, லிஃப்ட், ஏடிஎம் வாசல், இருட்டிய பிறகு வாகன நிறுத்துமிடம். உங்கள் மனசு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எதிரில் இருப்பவருக்கு அது தெரியாது. அங்கெல்லாம் வாயை மூடிக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நடப்பதே மரியாதை. கவுன்டரில் வேலை செய்கிறவர்களிடமும் கவனம் வேண்டும். அவர்கள் இருந்த இடத்தைவிட்டு நகர முடியாது. சிரித்துப் பேசுவது அவர்கள் வேலையின் ஒரு பகுதி. பின்னால் கூட்டம் நிற்கும்போது அவர்களிடம் கதை பேசாதீர்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் கேட்டால், உள்ளூர் விவரங்களை அவர்களைப்போலச் சொல்லக்கூடியவர்கள் வேறு யாரும் இல்லை.

நீண்ட தூரப் பயணத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சீட்டில் உட்காரும் அந்த முதல் நிமிடத்திலேயே ஒரு தலையசைப்போ வணக்கமோ சொல்லிவிடுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் பக்கத்திலேயே ஊமையாக உட்கார்ந்திருந்துவிட்டுத் திடீரென்று பேச்சைத் தொடங்குவது இருவருக்கும் கஷ்டம். முதலிலேயே சொன்ன அந்த ஒரு வணக்கம் கதவை லேசாகத் திறந்துவைத்திருக்கும். உண்மையான பேச்சுக்குத் தோதான நேரம், சாப்பாடு வரும்போதோ இறங்குவதற்கு முந்தைய அரை மணியோ. குறிப்பாக அந்தக் கடைசி அரை மணி. எவ்வளவு பேசினாலும் சீக்கிரம் முடிந்துவிடும் என்று தெரிவதால் ஆட்கள் தாராளமாகப் பேசுவார்கள்.

ஓர் ஊரில் நாலைந்து நாள் தங்குவதாக இருந்தால், தினமும் புதுப்புது இடம் தேடாமல் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் போய் உட்காருங்கள். பார்த்துப் பார்த்துப் பழகிய ஒன்றின்மேல் நமக்குப் பிரியம் கூடும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968-லேயே காட்டினார். மூன்றாம் நாள் நீங்கள் எதுவும் சொல்லாமலேயே யாராவது ‘நேத்தும் வந்தீங்கல்ல?’ என்று கேட்பார்கள்.

3. பேசலாமா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்

அவசரப்பட வேண்டாத படி இது. பொது இடத்தில் அறிமுகமில்லாதவர்கள் ஒருவரை ஒருவர் ஒரு கணம் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொள்வதை, 1963-ல் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் விரிவாக எழுதினார். ‘உன்னைப் பார்த்தேன், உனக்கு என்னால் தொந்தரவு இல்லை’ என்று சொல்லும் நாகரிகம் அது. எனவே ஒருவர் உங்களைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பினால் அது வெறுப்பு இல்லை. இரண்டாம் முறையும் பார்த்தால், அதில் ஒரு சின்னப் புன்னகையும் இருந்தால், பேசலாம்.

பேச வேண்டாம் என்பதற்கான அடையாளங்கள் தெளிவானவை. இயர்போன், மடிக்கணினி, மூடிய கண், வேறுபக்கம் திரும்பிய தோள். அழுதுகொண்டோ பதற்றத்தோடு போனைப் பார்த்துக்கொண்டோ இருப்பவரிடம் ‘ஏதாவது உதவி வேணுமா?’ என்பதைத் தவிர வேறொன்றும் கேட்காதீர்கள். புத்தகம் மட்டும் இரண்டுங்கெட்டான். பக்கத்தைத் திருப்பாமலேயே வெகுநேரம் பிடித்திருந்தால் அவருக்கும் சலிப்பாக இருக்கலாம்; ஆழ்ந்து படித்தால் விட்டுவிடுங்கள்.

தூரமும் முக்கியம். மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966-ல் கொடுத்த அளவுகளின்படி, ஏறத்தாழ 45 சென்டிமீட்டருக்குள் நெருங்குவது மிக நெருக்கமானவர்களுக்கு உரியது. 1.2 மீட்டர் வரை நண்பர்களுக்கு. அதற்கு மேல்தான் புதியவர்கள். அவர் அளந்தது அமெரிக்கர்களை. ஊருக்கு ஊர் இது மாறும் என்று அவரே வலியுறுத்தினார். ஆகவே அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளாமல், எதிரில் இருப்பவர் பின்வாங்குகிறாரா என்று பாருங்கள். ஓர் அடி அவர் நகர்ந்தால் அந்த ஓர் அடியை நீங்கள் நிரப்பக் கூடாது. நேருக்கு நேர் நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள். அவருக்கும் வாசலுக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். ஆண்கள் இதைக் கூடுதலாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தனியாக வரும் பெண்ணுக்கு உங்கள் உயரமும் நீங்கள் நிற்கும் இடமுமே முதல் வாக்கியம்.

எனக்கு நானே வைத்திருக்கும் கணக்கு: ஒரு வார்த்தை பதில் ஒருமுறை வந்தால் அது தயக்கமாக இருக்கலாம். இரண்டாம் முறையும் ஒரு வார்த்தைதான் என்றால், சிரித்துவிட்டு நிறுத்திக்கொள்வேன். மூன்றாவது முயற்சி கிடையாது.

4. முதல் வாக்கியம் சாதாரணமாகவே இருக்கட்டும்

சாமர்த்தியமான தொடக்கத்தைத் தேடித் தேடித்தான் பலர் பேசாமலேயே இறங்கிவிடுகிறார்கள். மழை, வெயில், தாமதம் என்ற பேச்சில் தகவல் எதுவும் இல்லைதான். தகவல் சொல்வதற்காக அல்லாமல் உறவை ஏற்படுத்துவதற்காகவே மனிதர்கள் பேசும் பேச்சு உண்டு என்று மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923-ல் எழுதினார். ‘நான் நல்லெண்ணத்தோடு வந்திருக்கிறேன்’ என்று அறிவிப்பதுதான் அந்தப் பேச்சின் வேலை. அதனால் கூசாமல் வானிலையில் தொடங்கலாம்.

தொடக்கம் கிடைக்கும் இடம், இருவர் கண்ணுக்கும் எதிரே இருக்கும் விஷயம். அதைக் கேள்வியாகவோ, சின்ன உதவியாகவோ ஆக்கிவிட்டால் போதும்.

“இந்த வண்டி எப்பவும் இவ்வளவு நேரம் இங்க நிக்குமா?”

“பையை அந்தப் பக்கம் நகர்த்தட்டுமா, உங்களுக்குக் கால் நீட்ட இடம் கிடைக்கும்.”

“வரிசை இதுதானா, இல்ல அந்தப் பக்கமா?”

“நீங்க ஏற்கெனவே உள்ள போய்ப் பாத்துட்டீங்களா? எவ்வளவு நேரம் ஆச்சு?”

“ஒரு போட்டோ எடுத்துத் தரட்டுமா? எல்லாரும் ஒண்ணா நிக்கலாமே.”

கடைசியில் இருப்பது எனக்கு மிகவும் நம்பகமான தொடக்கம். குடும்பமோ நண்பர்களோ கையை நீட்டி நீட்டி செல்ஃபி எடுக்கத் திணறும்போது இதைச் சொன்னால் மறுப்பவர்கள் குறைவு. அவர்களுக்கு ஓர் உதவி, உங்களுக்கு ஒரு நிமிடப் பேச்சு. போட்டோ எடுத்துக் கொடுத்ததும் நீங்கள் நகரப் பார்க்க வேண்டும். அவர்கள் விரும்பினால் நிறுத்திப் பேசுவார்கள். உதவி கேட்பதும் நல்ல வழிதான், ஆனால் அரை நிமிடத்தில் முடிகிற உதவியாக இருக்கட்டும். வழி கேட்கலாம், பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது அதிகம்.

தவிர்க்க வேண்டியவை: உடல், நிறம், அழகு பற்றிய எந்தப் பாராட்டும். ‘தனியாவா வந்திருக்கீங்க?’ என்ற கேள்வி. இது உங்களுக்கு அக்கறையாகத் தோன்றும், எதிரில் இருப்பவருக்கு எச்சரிக்கை மணியாக ஒலிக்கும். சம்பளம், திருமணம், மதம், கட்சி எல்லாம் அவரே எடுத்தால் ஒழிய வேண்டாம்.

5. இரண்டாவது கேள்வியில்தான் உரையாடல் பிறக்கிறது

முதல் வாக்கியத்துக்கு எல்லாரும் பயப்படுகிறார்கள். உண்மையில் பேச்சு செத்துப்போவது அதற்குப் பிறகுதான். ‘எந்த ஊர்?’ ‘என்ன வேலை?’ ‘எத்தனை நாள்?’ என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கேள்விகளை அடுக்கினால் அது விசாரணை. சொன்ன பதிலுக்குள்ளிருந்து அடுத்த கேள்வியை எடுத்தால்தான் அது பேச்சு.

ஹார்வர்டில் கேரன் ஹுவாங்கும் குழுவினரும் இதைச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். அதிகம் கேள்வி கேட்டவர்களை எதிராளிகளுக்கு அதிகம் பிடித்திருந்தது. அதிலும், பதிலைத் தொடர்ந்து கேட்கும் கேள்விகள்தான் அந்த வேலையைச் செய்தன. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். தொடர் கேள்வியை முன்கூட்டித் தயார் செய்ய முடியாது. கேட்கிறவர் காது கொடுத்திருக்கிறார் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

ஓர் உதாரணம் பாருங்கள்.

“எங்க இறங்கணும் நீங்க?”

“கடைசி ஸ்டேஷன். அக்கா வீட்டுக்குப் போறேன். அவங்க வீடு மாத்துறாங்க.”

இதில் மூன்று நூல்கள் தொங்குகின்றன: கடைசி ஸ்டேஷன், அக்கா, வீடு மாற்றம். பழக்கமில்லாதவர் ‘ஓ, சரி. நீங்க என்ன பண்றீங்க?’ என்று மூன்றையும் விட்டுவிட்டு வேறு பக்கம் தாவுவார். பழகியவர் “வீடு மாத்துற வேலையா? சாமான் கட்டுறதுக்கு உங்களைக் கூப்பிட்டாங்களா?” என்பார். உடனே அக்காவைப் பற்றியும், பழைய வீட்டைப் பற்றியும், யார் எதைத் தூக்கிப்போட மறுக்கிறார்கள் என்பதைப் பற்றியும் கதை வரும். எந்த நூலைப் பிடிப்பது என்று தெரியாவிட்டால், எதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உயர்ந்ததோ அதைப் பிடியுங்கள்.

‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விகளைக் குறைத்து ‘எப்படி’ என்று கேளுங்கள். ‘ஏன் இந்த வேலைக்கு வந்தீங்க?’ என்றால் நியாயம் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘இந்த வேலைக்கு எப்படி வந்தீங்க?’ என்றால் கதை சொல்லத் தோன்றுகிறது. உள்ளூர்க்காரரிடம் ‘இங்க எதைப் பாக்கணும்?’ என்று கேட்டால் எல்லாரும் சொல்லும் நாலு இடம்தான் கிடைக்கும். ‘லீவு நாள்ல நீங்க எங்க போவீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் வாழும் ஊர் தெரிய ஆரம்பிக்கும்.

இடையில் மௌனம் வரும். வரட்டும். ஜப்பானியம், டேனிஷ், லாவோ உட்பட 10 மொழிகளை டான்யா ஸ்டிவர்ஸ் குழுவினர் 2009-ல் ஒப்பிட்டபோது, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரியாக சுமார் 0.2 விநாடிதான் இருந்தது. அவ்வளவு வேகத்துக்கு நாம் பழகியிருப்பதால் இரண்டு விநாடி மௌனம்கூட யுகமாகத் தெரிகிறது. ஆனால் பயணத்தில் ஜன்னல் இருக்கிறது, காட்சி இருக்கிறது. இருவரும் வெளியே பார்த்துக்கொண்டிருக்கலாம். பேச வேண்டியதை அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் அடுத்த கேள்வியைப் போட்டால், வந்திருக்க வேண்டிய நல்ல பதில் வராமலே போய்விடும்.

6. உங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள்

கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவரைக் கண்டால் எனக்கே கொஞ்சம் சந்தேகம் வரும். ஸிக் ரூபின் 1975-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று விமான நிலையத்தில் காத்திருந்தவர்களிடம் நடத்தப்பட்டது. ஆய்வாளர் தன்னைப் பற்றி எந்த அளவுக்கு மனம் திறந்து எழுதிக் காட்டினாரோ, ஏறத்தாழ அந்த அளவுக்கு எதிரில் இருந்தவரும் தன்னைப் பற்றி எழுதினார். அந்தப் பரிமாற்றத்துக்கு ஓர் எல்லையும் இருக்கிறது என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். இரண்டு கேள்விக்கு ஒருமுறையாவது உங்கள் பக்கத்துச் செய்தி ஒன்றைச் சொல்லுங்கள். அவர் சொன்னதைவிட ஒரு படி மட்டும் கூடுதலாக இருக்கலாம். பத்துப் படி தாண்டிக் குடும்பச் சண்டையையோ நோயையோ கொட்டினால் அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவிப்பார்.

‘ஏன் தனியா வந்தீங்க?’ என்று உங்களைக் கட்டாயம் கேட்பார்கள். அதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கட்டும். நம்பிக்கை வராத ஆளுக்கு ஒன்று: “ஃப்ரெண்ட்ஸ் முன்னாடியே போயிட்டாங்க, நான் போய்ச் சேந்துக்கணும்.” இது பொய்தானே என்று உறுத்த வேண்டாம். உங்கள் பயணத் திட்டம் யாருக்கும் நீங்கள் பட்ட கடன் இல்லை. நம்பிக்கை வந்தவருக்கு உண்மையான பதில், ஆனால் சின்னதாக, ஒரு கதையோடு.

7. பொது மொழி இல்லாதபோது

வணக்கம், நன்றி, மன்னிக்கவும், இது நன்றாக இருக்கிறது, உங்கள் பெயர் என்ன – இந்த ஐந்தையும் போகிற இடத்து மொழியில் படித்துக்கொள்ளுங்கள். உச்சரிப்பு தப்பானால் திருத்துவார்கள். அந்தத் திருத்தலே முதல் உரையாடல் ஆகிவிடும்.

மொழிபெயர்ப்பு ஆப் வைத்திருப்பவர்கள், கூகுள் டிரான்ஸ்லேட் என்றால், அந்த மொழிக்கான கோப்பை இணையம் கிடைக்கும்போதே இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும். சிறு வாக்கியமாக எழுதுங்கள். தமிழில் நாம் ‘நாளைக்குப் போறேன், வரீங்களா’ என்று ‘நான்’, ‘நீங்கள்’ என்பதைத் தனியாகச் சொல்லாமலே பேசுவோம். கருவி சில சமயம் அதை யாரோ மூன்றாம் மனிதர் ஆக்கிவிடலாம். அவற்றை எழுதியே காட்டுங்கள். திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, முகத்தைப் பார்த்துச் சிரியுங்கள். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் அது பேச்சாக இருக்காது.

காகிதமும் பென்சிலும் இன்னும் நல்லது. வரைபடம் வரையச் சொன்னால் சுற்றி நிற்பவர்களும் சேர்ந்துகொள்வார்கள். ஊர்ப் படங்கள், வீட்டுப் பூனை, தோட்டம் என்று பத்துப் படத்தைப் போனில் தனி ஆல்பமாக வைத்திருங்கள். எல்லாப் படமும் இருக்கும் கேலரியைத் திறந்து அந்நியர் கையில் கொடுக்காமல் இருக்கவும் இது உதவும்.

இரண்டாம் மொழியில் பேசுகிறவருக்குப் பதில் வர நேரம் பிடிக்கும். அவர் வார்த்தையை நீங்கள் பறித்து முடித்துவைக்காதீர்கள்.

8. உங்கள் கதவும் திறந்தே இருக்கட்டும்

பெரும்பாலான மனிதர்கள் நல்லவர்கள் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கையோடு பேச முடிவதற்குக் காரணமே, கீழே இருப்பவற்றில் நான் விட்டுக்கொடுக்காமல் இருப்பதுதான்.

போய்வந்த இடத்தைப் பற்றித் தாராளமாகப் பேசுங்கள், போகப்போகும் இடத்தைப் பற்றிப் பொதுவாக மட்டும் பேசுங்கள். தங்குமிடத்தின் பெயர், அறை எண், நாளைய வண்டி நேரம் எதுவும் வேண்டாம். ‘எங்க தங்கியிருக்கீங்க?’ என்று கேட்டால் “ஸ்டேஷன் பக்கம்தான்” என்று சொல்லிவிட்டு வேறு கேள்வி கேட்கலாம். மறுபடி மறுபடி அதையே கேட்டால் அந்தப் பேச்சை முடிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பேச்சு சுவாரஸ்யமாகும்போதுதான் கை பையை விடும். பேசத் தொடங்கும் முன் பையின் வாரைக் காலிலோ கையிலோ மாட்டிக்கொள்வதைப் பழக்கமாக்குங்கள். ஒருவர் பேச்சுக் கொடுக்க இன்னொருவர் எடுத்துக்கொண்டு போவது எல்லா ஊரிலும் பழைய தொழில். குடிப்பது எதுவாக இருந்தாலும் மூடி உங்கள் எதிரில் திறக்கப்பட வேண்டும். வைத்துவிட்டு எழுந்துபோனால் திரும்பி வந்து அதைக் குடிக்காதீர்கள். அன்பாகக் கொடுப்பதை மறுப்பது கஷ்டமாக இருந்தால் ‘வயிறு சரியில்லை’ என்பது எங்கும் செல்லும். திறந்த போனைக் கொடுக்க வேண்டாம். அவசரத்துக்கு அழைக்க வேண்டும் என்றால் நீங்களே எண்ணைப் போட்டு ஸ்பீக்கரில் பேசவிடுங்கள்.

நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் ‘எனக்குத் தெரிஞ்ச ஒரு இடம் இருக்கு, வாங்க’ என்று அழைத்தால் அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அழைப்பு நல்லெண்ணத்தில் வந்திருக்கலாம். ஆனால் ஆளை அழைத்துப்போய், கட்ட முடியாத பில்லைத் தலையில் கட்டும் ஏமாற்றும் இப்படித்தான் தொடங்குகிறது. இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள், அது ஆள் நிறைந்த இடமாக இருக்கட்டும், தனியாகவே நடந்து போய்ச் சேருங்கள், போவதற்கு முன் வீட்டில் ஒருவருக்கு லைவ் லொகேஷன் அனுப்புங்கள். நல்ல எண்ணம் உள்ளவர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால், அவசரப்படுத்தினால், ‘என்னை நம்பலையா?’ என்று கேட்டால், உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

ஏதோ சரியில்லை என்று உள்ளுணர்வு சொன்னால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் எழுந்துவிடுங்கள். ஆள் விடாமல் தொடர்ந்தால் அறைக்குப் போக வேண்டாம். ஊழியர் இருக்கும் இடத்துக்கு, குழந்தைகளோடு இருக்கும் குடும்பத்தின் பக்கத்துக்குப் போய் உட்கார்ந்து உரக்கச் சொல்லுங்கள். அப்போது மரியாதை பார்க்கத் தேவையில்லை.

9. முடிப்பதற்குத் தெரிந்தால் தொடங்குவதற்குப் பயம் இருக்காது

ஆடம் மாஸ்ட்ரோயானி குழுவினர் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், இருவரும் விரும்பிய நேரத்தில் முடிந்த உரையாடல்கள் மிகமிகக் குறைவு. ஒருவருக்கு நீண்டுவிட்டது, இன்னொருவருக்குப் போதவில்லை, ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. ஆகவே முடிக்கும் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு எளிய வழி, தொடக்கத்திலேயே ஓர் எல்லையைச் சொல்லிவிடுவது. “கொஞ்ச நேரத்துல தூங்கிருவேன், அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்.” முடிக்கும்போது அவர் சொன்னதில் ஒன்றை எடுத்துச் சொல்லி நன்றி கூறுங்கள்: “அக்கா வீட்டுச் சாமான் எல்லாம் பத்திரமாப் போய்ச் சேரட்டும். நான் கொஞ்சம் படிக்கிறேன்.” பொய்க் காரணம் தேவையில்லை. நீண்ட பயணத்தில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேச்சை முடித்த பிறகும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் இயர்போனை மாட்டுவதற்கு முன் வாயால் சொல்லிவிட்டு மாட்டுங்கள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தாலோ, பையை மடிக்கு எடுத்தாலோ, ‘சரி’ என்ற சொல் இரண்டு தடவை வந்தாலோ, நடுவில் இருக்கும் கதையைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

10. இறங்கிய பிறகு

எல்லா நல்ல பேச்சும் நட்பாக வேண்டியதில்லை, தொடர்பு எண் வாங்காமலே பிரியலாம். தொடர விரும்பினால் அவர் எண்ணைக் கேட்காமல் உங்கள் மின்னஞ்சலையோ இன்ஸ்டாகிராம் பெயரையோ எழுதிக் கொடுங்கள். தொடர்வதா வேண்டாமா என்பது அப்போது அவர் கையில் இருக்கும். உங்கள் கணக்கில் அன்றைய இடமும் தங்குமிடமும் வெளியே தெரிகிறதா என்று முன்பே பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். அவரைப் படம் எடுத்திருந்தால், பொதுவில் போடலாமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

அன்று ராத்திரி பெயரையும், அவர் சொன்ன ஏதாவது ஒரு விஷயத்தையும் நோட்டில் குறித்துவையுங்கள். படம் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தால் இரண்டு நாளுக்குள் அனுப்பிவிடுங்கள். வாரம் தாண்டினால் யார் என்று அவரும் யோசிப்பார், அனுப்பலாமா என்று நீங்களும் தயங்குவீர்கள்.